பதினான்காம் விதி

சங்கத்துச் செய்தி மடலைத் தயாரிப்பது நன்றி கெட்ட வேலை. மாதம் முழுக்க உட்கார்ந்து எழுதி, படம் ஒட்டி, அச்சகத்துக்கு அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒருவருடைய பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டால் அன்று மாலையே தொலைபேசி அடிக்கும். எங்கள் மினசே ஊரில், பொம்மை ரயில் கட்டி ஓட்டும் மாதிரி ரயில் சங்கத்தின் மடலைப் பதினேழு வருடமாக நான் ஒருவனே செய்து வருகிறேன். மொத்தம் நான்கு பக்கம். முதல் பக்கம் தலைவர் உரை. அதையும் நான்தான் எழுதுவேன், ஏனென்றால் தலைவர் செகாவா நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர், அவருக்கு மாவு பிசையவே நேரம் போதாது. இரண்டாம் பக்கம் உறுப்பினர் செய்திகள். மூன்றாம் பக்கம் நிகழ்ச்சிகளும் விதிகளும். நான்காம் பக்கம் படங்கள்.

இன்ஸ்பெக்டர் இனுகாய், நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரும்படி கேட்டீர்கள். பேனாவும் கொடுத்தீர்கள். அதன் பின்முனையில் யாரோ கடித்த பல்தடம் இருந்தது. அதனால் என் சொந்தப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தச் சலுகைக்கு நன்றி.

நான் பல் மருத்துவன். ஸ்டேஷனுக்கு எதிரே அப்பா தொடங்கிய கிளினிக்கை முப்பத்தெட்டு வருடம் நடத்திவிட்டு மூடினேன். முப்பத்தெட்டு வருடம் அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தவன் என்று செகாவா கேலி செய்வார். பார்த்தவனுக்குத்தான் தெரியும், மனித வாய் ஒரு வெதுவெதுப்பான சாக்கடை. காலையில் தின்ற மீனின் நார் மாலைவரை அங்கே ஊறிக் கிடக்கும். மரியாதைக்குரிய மனிதர்கள், பள்ளித் தலைமை ஆசிரியர்கள், கோயில் குருக்கள், எல்லோரும் வாயைத் திறந்தால் ஒன்றுதான். மாலையில் கிளினிக்கைப் பூட்டியதும் முழங்கை வரை மூன்று தடவை கழுவுவேன். அப்புறமும் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் குமட்டும். என் மனைவி இருந்த காலத்தில் நாங்கள் தனித்தனியாகத்தான் சாப்பிட்டோம். அவள் மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் விழுங்க முடியவில்லை.

இதையெல்லாம் நான் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சுத்தமான இடம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்கிறேன்.

அந்த இடம் சமூகக்கூடத்தின் மாடியில் எங்கள் சங்க அறையில் இருந்தது. ஆறு மீட்டர் நீளமான மேசை. அதன்மேல் நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருக்கிய மினசே ஸ்டேஷன். அந்த அளவில் ஒரு மனிதன் உங்கள் சுண்டுவிரல் நகத்தின் உயரம்தான் இருப்பான். புதுக் கட்டடம் திறந்த நாளின் காலை ஆறு மணியை நான் தேர்ந்தெடுத்தேன். அன்று நான் மாணவன், வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வெள்ளைச் சுவர், துளி கறை இல்லாத நடைமேடை, பெயிண்ட் மணக்கும் வண்டி. ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தார்கள். முதலில் உள்ளே போன ஆள் மூக்கைச் சிந்தி, விரலைத் தூணில் துடைத்தான். என் மேசையில் அந்த ஆறரை மணி வராது. அதைக் கட்டி முடிக்கப் பதினொரு வருடம் ஆயிற்று. கிளினிக்கின் இடுக்கிகளையும் ஊசிகளையும் கண்ணாடிகளையும் கொண்டு, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு செய்தேன். வாரா வாரம் தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பேன். அந்த மேசையின் முன் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் என்னால் மூச்சை ஆழமாக இழுத்து விட முடிந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் குரமோச்சி சங்கத்தில் சேர்ந்தார்.

அவர் பணிமனையில் முப்பத்தொரு வருடம் ரயில் பெட்டி கழுவி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, எந்நேரமும் வாயில் காய்ந்த கணவாய் மீன் துண்டு. அதை மென்றுகொண்டே பேசுவார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் என் மடலின் பக்கங்களைப் புரட்டுவார். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது, ஒரு தீக்குச்சி நுழையும். முதல் நாளே கவனித்து, அடைத்துக்கொள்ளலாம் என்று நல்லபடியாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அட விடுங்க டாக்டர், விசில் அடிக்க அதான் வசதி."

பிறகு மேசையைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். கணவாய் நாற்றம் என் நடைமேடையின் மேல் இறங்குவதை நான் உணர்ந்தேன்.

"இது என்ன டாக்டர், ஸ்டேஷனா, பல்செட்டா? இம்புட்டு வெள்ளையா இருக்கு. ஒருத்தன் ஏறல, ஒருத்தன் இறங்கல. காய்ச்சல் வந்து காலியான ஊரு மாதிரி கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் அல்ல. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், டாக்டர் நருமி குரலை உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை என்பார்கள்.

குரமோச்சிக்கு ஒரு திறமை இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். புது ரயில் பெட்டியைக் கையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அதை இருபது வருடம் ஓடிய பெட்டியாக்கிவிடுவார். ஜன்னலுக்குக் கீழே மழை வடிந்த தடம், சக்கரத்தருகே எண்ணெய்ப் பிசுக்கு, கூரையில் காக்கை எச்சம். ரயிலுக்கு வயசேத்துறது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். எல்லா அழுக்கையும் முப்பத்தொரு வருடம் கழுவிக் கழுவி மனப்பாடம் பண்ணியவர். எது எங்கே படியும், எப்படிக் காயும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மனிதன் தன் மூளையில் இத்தனை அழுக்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறான் என்று நான் யோசித்திருக்கிறேன்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. மெல்லிய தூரிகைக்கு முனை கூராக இருக்க வேண்டும். அதற்காக அவர் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் தூரிகையை வாயில் வைப்பார். உதட்டைக் குவித்து, முடியை அந்தப் பல்சந்தில் நுழைத்து, மெதுவாகச் சுழற்றி வெளியே இழுப்பார். முனையில் எச்சில் மினுங்கும். அதைப் பெயிண்டில் தோய்த்து என் வண்டியின் மேல் வைப்பார். கோடு போட்டுவிட்டு மறுபடி வாய், மறுபடி பெயிண்ட், மறுபடி வண்டி. ஒரு மாலையில் நான் எண்ணினேன், நூற்று நாற்பது முறை. ஓரத்தில் உதடு பழுப்பாகியிருக்கும். அதே உதட்டால் கணவாயைத் தின்பார். துரு நிறத்தை அவரே கலந்து, மயோனைஸ் வந்த பழைய குப்பி ஒன்றில் ஊற்றி, சங்கத்து அலமாரியில் வைத்திருந்தார். மூடியைச் சுற்றி எச்சிலும் பெயிண்டும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன்.

போன வருடம் இலையுதிர்கால ஓட்ட நாளில் ஊர்மக்கள் வந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை எல்லா ரயில்களையும் கால அட்டவணைப்படி ஓட்டிக் காட்டும் நாள் அது. குரமோச்சி என்னைக் கேட்காமல் மூன்றாம் நடைமேடையின் கோடியில் ஒரு பொம்மையை ஒட்டியிருந்தார். கழுத்துப்பட்டை தளர்ந்த ஆபீஸ்காரன், தூணைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுக்கிறான். வாந்தி மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கடுகளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதில் சோற்றுப் பருக்கை தெரியும். ஜனங்கள் ஆறு மீட்டர் மேசையை விட்டுவிட்டு அந்த ஒரு சாண் இடத்தில் முட்டி மோதினார்கள். என் வெள்ளைச் சுவரின் முன்னால் யாரும் நிற்கவில்லை. ஒரே ஒரு பெண்மணி நின்றார், அவர் கழிப்பறைக்கு வழி கேட்டார்.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அடுத்த வாரம் அந்த வாந்தியைச் சுரண்டி எடுத்தேன். அதற்கடுத்த வாரம் குரமோச்சி அதை மறுபடி ஒட்டினார். "நம்ம ஆளுக்கு இன்னும் தெளியல டாக்டர்" என்றார். பக்கத்திலேயே சுவரில் ஒன்றுக்குப் போகும் இன்னொருவனும் சேர்ந்திருந்தான்.

ஏப்ரல் பொதுக்கூட்டத்தில் செகாவா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வரப்போகும் ஓட்ட நாளுக்குள் ஸ்டேஷன் முழுவதையும் குரமோச்சி கையில் கொடுத்து வயசேத்துவது. செகாவா என் தோளைத் தட்டிச் சொன்னார்: "டாக்டர், கோவிச்சுக்காதீங்க. நீங்க கட்டுனது பொண்ணு. குரமோச்சி அண்ணன் அதுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறாரு, அவ்வளவுதான்." வந்திருந்தவர்களில் பதினொரு கைகள் ஆதரவாக எழுந்தன. எதிராக என் கை மட்டும். மடலில் அதை அப்படியே பதிவு செய்தேன். நான் எந்தத் தீர்மானத்தையும் மறைத்ததில்லை.

பதினொரு வருடம். நினைத்துப் பாருங்கள். ஒருவர் உங்கள் வீட்டுக்குள் வந்து, ஒவ்வொரு சுவரையும் தன் நாக்கால் நக்குவார், அதற்குக் கைதட்டல் கிடைக்கும்.

இருந்தாலும் நான் முறையாகத்தான் நடந்துகொண்டேன். சங்கத்தில் விதிகளை வெளியிடும் பொறுப்பு செயலாளரான என்னுடையது. மே மாத மடலில், மூன்றாம் பக்கத்தில், பெட்டி கட்டி வெளியிட்டேன். 'விதி 14: உடல்நலத்தைக் கருதி, சங்க அறையில் தூரிகைகளை வாயில் வைப்பது தடை செய்யப்படுகிறது.' பதினாறு பிரதிகள், எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் தபாலில் போயின. குரமோச்சி அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலில் எச்சில் தொட்டுத்தான் புரட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன டாக்டர், என் வாய்க்குப் பூட்டா?" என்று சிரித்துவிட்டு, தூரிகையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் காத்திருந்தேன். நான் அவசரக்காரன் அல்ல. ஒரு மாதத்தில் ஒரே ஒரு நாள் அவர் அந்த விதியை மதித்திருந்தாலும் நீங்களும் நானும் இன்று சந்தித்திருக்க மாட்டோம்.

பல் நரம்பைச் சாகடிக்க அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு பசை வைப்போம். குண்டூசித் தலையளவு வைத்தால் போதும், நரம்பு சத்தமில்லாமல் செத்துவிடும். இப்போது யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அப்பாவின் காலத்துச் சரக்கு கிளினிக்கின் அடி அலமாரியில் மிச்சம் இருந்தது. அதை நீங்கள் ஏற்கெனவே எடுத்துப்போய்விட்டதால் மேற்கொண்டு விவரம் வேண்டாம். ஜூன் முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும், தண்டவாளம் துடைக்கும் நாளில், கையுறை போட்டுக்கொண்டு அந்தத் துருக் குப்பியைத் திறந்தேன். எனக்கு அதில் மிகக் கடினமாக இருந்தது மூடியைத் தொடுவதுதான். கையுறையை உடனே எரித்துவிடுவேன்.

இதில் இருந்த நியாயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தக் குப்பி யாரையும் தேடிப் போகவில்லை. அதில் தூரிகையைத் தோய்த்து வண்டியில் பூசுகிறவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கையில் பட்டால் கழுவிக்கொள்ளலாம். அச்சிட்டு அனுப்பிய ஒரு விதியை மீறி வாயில் வைக்கிறவனுக்கு மட்டும்தான் அது விஷம். கீழ்ப்படிந்தவர்களுக்கு அது வெறும் பெயிண்ட்.

ஜூலை மடலின் இரண்டாம் பக்கத்தில் எழுதினேன்: 'திரு. குரமோச்சி வயிற்றுக் கோளாறால் இரண்டு வாரம் வரவில்லை. விரைவில் நலம் பெற வேண்டுகிறோம்.' செகாவாவுக்கும் அதே மாதம் வயிற்றைப் புரட்டி எடுத்தது, அவரும் குரமோச்சியைப் பார்த்துத் தூரிகையை நக்கக் கற்றுக்கொண்டிருந்தார். சிப்பி தின்றதால் வந்தது என்று நினைத்து, கடையை இரண்டு நாள் மூடிக் கழுவித் தள்ளினார். கடை அதற்குமுன் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

குரமோச்சிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. விரல் நுனி மரத்துப்போகிறது என்றார். மருத்துவர் வயதென்றும் குடியென்றும் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த நடுக்கத்தில் அவர் போட்ட துருக்கோடுகள் முன்னைவிட இயல்பாக வந்தன. "அண்ணே, மழைத்தண்ணி வடியிறாப்பலயே இருக்கு, குடை எடுக்கத் தோணுது" என்று செகாவா வியந்தார். என் வெள்ளைச் சுவர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டிக்கெட் கவுண்டர் போயிற்று. படிக்கட்டு போயிற்று. தெற்குச் சுவர் மட்டும் மிச்சம். நாங்கள் இருவருமே ஓட்ட நாளை நோக்கி வேலை செய்துகொண்டிருந்தோம், யார் முதலில் முடிக்கிறார் என்பதுதான் கேள்வி.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி நாள் நடந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், அது தனி விஷயம்.

நான் எப்படி அகப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் மடலில் ஓட்ட நாளுக்கான பணிப் பட்டியல் வரும். எந்த வண்டியை யார், எத்தனை மணிக்கு ஓட்டுவார் என்று நிமிடக் கணக்கில் போடுவேன். அதனால் அந்த மடல் மட்டும் முன்கூட்டியே, ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும். அன்று குரமோச்சி உயிரோடுதான் இருந்தார், கொஞ்சம் தேறியும் இருந்தார். விவரம் தெரிந்த குற்றவாளி அவர் பெயரைப் பட்டியலில் போட்டிருப்பான். நானும் போட்டேன். 10.14 சரக்கு வண்டி, குரமோச்சி. தட்டச்சு செய்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்ட நாளான செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி அந்த ஆள் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு பொய்யான அட்டவணையை அச்சிட வேண்டும். என்னால் முடியவில்லை. 10.14 வண்டியை செகாவாவுக்கு மாற்றி, செகாவாவின் வண்டியை இன்னொருவருக்கு மாற்றி, எல்லாம் பொருந்திய பிறகுதான் அனுப்பினேன்.

மடல் போய்ச் சேர்ந்த மறுநாளே தொலைபேசி அடித்தது.

"டாக்டர், பட்டியல்ல என் பேர் விட்டுப்போச்சு போலருக்கே." குரல் கம்மியிருந்தது. ஏதோ மென்றுகொண்டிருந்தார்.

"அப்படியா. பார்க்கிறேன்" என்றேன்.

"அட, அதுக்கென்ன. பதினேழு வருஷத்துல டாக்டர் விட்ட மொதத் தப்பு. நான் இதக் கண்ணாடி போட்டு மாட்டப்போறேன்."

தொலைபேசியை வைத்த பிறகு அந்தக் காதுப்பக்கத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பல்ல என்று அவரிடம் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி குரமோச்சி இறந்தார். அவருடைய மனைவி மினே, அவர் சொன்னபடியே அந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கி வைத்திருந்தார். ஏழாம் நாள் சடங்குக்குப் போனபோது அது அவருடைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. பணிப் பட்டியலைச் சுற்றிக் குரமோச்சி பென்சிலில் வட்டம் போட்டு, 'டாக்டரின் முதல் தப்பு' என்று எழுதியிருந்தார். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு வண்டிக்கு ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். இதில் எல்லா வண்டிக்கும் ஆள் இருந்தது. வந்தவர்களில், சாவைப் பற்றி விசாரிக்க வந்திருந்த நீங்கள் ஒருவர்தான் அதைப் பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர். சிறுவயதில் நீங்களும் மாதிரி ரயில் ஓட்டியவர் என்று பிறகு சொன்னீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். பட்டியலை முழுதாகப் படித்த ஒரு மனிதரையாவது சந்தித்தேன்.

மினே அன்று எனக்குத் தேநீர் கொடுத்தார். "உங்க ஸ்டேஷனப் பத்தியேதான் பேசிட்டிருப்பாரு டாக்டர். அந்தத் தெக்குச் சுவத்த மட்டும் தொடமாட்டேன், அது டாக்டரோடதுன்னு சொல்லிட்டிருந்தாரு" என்றார். நான் கோப்பையைப் பார்த்தேன். விளிம்பில் பழைய உதட்டுக்கறை மங்கலாக இருந்தது. குடிக்கவில்லை.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பயிற்சி நாள்.

பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். கோடை விடுமுறை, எல்லோர் கையிலும் பனிக்கட்டிச் சர்பத்தின் பிசுபிசுப்பு. ஆளுக்கு ஒரு சரக்குப் பெட்டியைக் கொடுத்து வயசேத்தக் கற்றுக்கொடுப்பதாக ஏற்பாடு. குரமோச்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டு கற்றுக்கொடுத்தார். நிற்க அவர் காலில் வலு இல்லை. பெயிண்ட் குப்பிகள் ஐந்து நடுவில் இருந்தன. நிகழ்ச்சியை மூன்றாம் பக்கத்தில் நானே அறிவித்திருந்தேன், ஆகவே அது நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். துருக் குப்பியை முந்தைய நாள் எடுத்து ஒளித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அது புதன்கிழமை அல்ல. புதன்கிழமை தவிர மற்ற நாளில் அந்த மூடியைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தேன்.

செகாவாவின் பேத்தி சயோ முன்வரிசையில் இருந்தாள். எட்டு வயது. தலைவரின் பேத்தி என்பதால் பயமில்லாத பிள்ளை. சரக்குப் பெட்டி முழுக்கத் துரு ஏற்றுவேன் என்று அந்தக் குப்பியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"தாத்தா, முனை பிரிஞ்சு பிரிஞ்சு போகுது" என்று குரமோச்சியிடம் காட்டினாள்.

"நாக்கு நுனியில இப்படி வை கண்ணு. உருட்டு. ம், அப்படித்தான். பாரு, ஊசியாட்டம் வந்திருச்சு" என்றார் குரமோச்சி.

நான் மடலுக்குப் படம் எடுக்கக் கேமராவோடு நின்றிருந்தேன். அவள் தூரிகையை வாயில் வைத்து எடுத்ததைப் பார்த்தேன். நான் சும்மா இருக்கவில்லை. "சயோ, வாயில் வைக்கக் கூடாது, அசுத்தம்" என்று சொன்னேன். ஒரு முறை, எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். நாக்கின் நடுவில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். குரமோச்சியும் தன் பல்சந்து தெரியச் சிரித்து, தன் நாக்கையும் நீட்டிக் காட்டினார். இரண்டு நாக்கும் ஒரே நிறம். அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தேன். செப்டம்பர் மடலின் நான்காம் பக்கத்தில் அது வந்தது. அடியில், 'விதி 14ஐ நினைவூட்டுகிறோம்' என்று போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் முக்கால் மணி நேரம் வேலை செய்தாள். நான் எண்ணவில்லை, ஆனால் அடிக்கடி வைத்தாள். வேறு இரண்டு பிள்ளைகளும் வைத்தார்கள். அவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போயிற்று. சயோவுக்கு அப்படிப் போகவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், முழங்காலுக்குக் கீழே உணர்வில்லை, செகாவா கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே கிடக்கிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்படிச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தீர்கள். நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. அவளுக்கு விதியைக் கற்றுக்கொடுக்காதது அவளுடைய தாத்தா செகாவா. மீறக் கற்றுக்கொடுத்தது குரமோச்சி.

குரமோச்சியைக் கொன்றது நான். குப்பியில் என்ன இருந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இதில் எனக்குத் தயக்கம் இல்லை, கீழே கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். ஆனால் நீங்கள் மேசையைத் தட்டிக் கேட்டது வேறு. கை எட்டும் தூரத்தில்தானே நின்றீர்கள், அந்தத் தூரிகையை அவள் கையிலிருந்து பிடுங்க எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டீர்கள். ஒரு நொடி ஆகியிருக்கும். நானும் அதை நினைத்துக் கையை நீட்டினேன், குரமோச்சியின் மனைவி மினேயைக் கேளுங்கள், அன்று பிள்ளைகளுக்குச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்தார். அன்று என்னிடம் கையுறை இல்லை. தூரிகையின் பிடிவரை அவளுடைய எச்சில் வழிந்திருந்தது, இன்ஸ்பெக்டர், என்னால் அதைத் தொட முடியவில்லை.